ஒரே சாலை, ஒரே மணி நேரம், மூன்று மதிப்பெண்: செங்கல்பட்டு–திண்டிவனம் நான்குவழிச் சாலையில் ஒரு கொள்ளளவுக் கணக்கு

ஜனவரி மாதத்தில் செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் பக்கம் போகிறவர்கள் படாளம் வட்டாரத்தில் கரும்பு டிராக்டரைப் பார்க்காமல் போக முடியாது. டிரெய்லரின் பக்கப் பலகையைத் தாண்டி இரண்டு பக்கமும் கரும்பு துருத்திக்கொண்டிருக்கும். பின்விளக்கு இருந்தாலும் சோகை மறைத்துவிடும். ஆலைக்கு அரவைக் காலம், ஊருக்குப் பொங்கல். டிராக்டருக்குப் பின்னால் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்பட்ட பஸ், அதற்குப் பின்னால் ஏழெட்டுக் கார்கள், இடது ஓரத்தில் குடும்பத்தோடு ஒரு பைக். வலது பாதையில் இதே வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும்.

இந்தச் சாலையின் சேவைத் தரம் என்ன என்று போக்குவரத்துப் பொறியாளரிடம் கேட்டால் ஓர் எழுத்தைச் சொல்வார். ஏ என்றால் காலியான சாலை. எஃப் என்றால் நின்றுபோன சாலை. அந்த எழுத்து எப்படி வருகிறது என்று ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தக் கணக்கு. சாலை நிஜம், முறைகளும் நிஜம். வண்டி எண்ணிக்கையும் வேகமும் மட்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த அறிக்கையிலிருந்தும் எடுக்கவில்லை, இந்தச் சாலையின் உண்மை நிலவரம் இதுதான் என்று யாரும் எடுத்துக்காட்டவும் வேண்டாம்.

எடுத்துக்கொண்ட சாலை

பழைய என்.எச். 45, இப்போது திண்டிவனம் வரைக்கும் என்.எச். 32. ஜி.எஸ்.டி. ரோடு என்று சொன்னால்தான் நம்மில் பாதிப் பேருக்குப் புரியும். செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு திசைக்கு இரண்டு பாதை, நடுவில் மீடியன். திருச்சி, மதுரை, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று எங்கே போகிறவரும் திண்டிவனம் வரை பெரும்பாலும் இதில்தான் வந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட சாலைக்குத்தான் அமெரிக்காவின் எச்.சி.எம். என்கிற நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டில் ‘பலவழி நெடுஞ்சாலை’ என்று தனி அத்தியாயம் இருக்கிறது. எக்ஸ்பிரஸ்வே போல வேலி போட்டு அடைத்த சாலை அல்ல, ஊர்ச் சாலைகளும் பெட்ரோல் பங்க்குகளும் நேராக வந்து சேரலாம். நகரச் சாலை மாதிரி அடிக்கடி சிக்னலும் கிடையாது. இரண்டு சிக்னலுக்கு நடுவே குறைந்தது 3.2 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சிக்னல் விஷயத்தில் நம் சாலை தேறிவிடும். ஊருக்கு ஊர் போலீஸ் குறுக்கே போட்டு வைக்கும் இரும்புத் தடுப்புகளை எதில் சேர்ப்பது என்று அந்தப் புத்தகம் யோசிக்கவே இல்லை.

கையேட்டின் முதல் பதிப்பு 1950-இல் வந்தது. ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடும் வழக்கம் 1965 பதிப்பில் நுழைந்தது. அதற்கு முன்பு கொள்ளளவு மட்டும்தான் பேச்சு: ஒரு பாதையில் மணிக்கு எத்தனை வண்டி போகும்? ஆனால் முழுக் கொள்ளளவில் ஓடும் சாலையில் ஓட்டுகிறவருக்கு நரகம். அதனால் எத்தனை வண்டி போகிறது என்பதோடு எப்படிப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது புழக்கத்தில் இருப்பது 2022-இன் ஏழாம் பதிப்பு. நான் 2000 பதிப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம்தான். மெட்ரிக் அளவு அதில் இருக்கிறது, 2010-இலிருந்து மைலும் அடியும் மட்டும்தான்.

வண்டிகள்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஒரு சாயங்காலம், தென்திசை, ஒரு மணி நேரம். கார் 1,080. இருசக்கர வண்டி 800. பஸ் 220. லாரி 140. குட்டி யானை வகையறா சிறு சரக்கு வண்டி 110. ஆட்டோ 60. டிரெய்லர் கட்டிய டிராக்டர் 10. ஆக 2,420.

கால்மணிக்குக் கால்மணி பிரித்தால் 560, 620, 680, 560. இந்தப் பிரிப்பு முக்கியம். சாலை மணிக்கணக்கில் உடைவதில்லை, கால்மணியில் உடைகிறது. உச்சக் கால்மணியில் வந்த 680 மணி முழுக்க வந்தால் 2,720 ஆகும். 2,420-ஐ அதனால் வகுத்தால் 0.89. இதற்கு உச்ச நேரக் காரணி என்று பெயர். இதை விட்டுவிட்டு மணிநேரச் சராசரியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சாலை பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

தடையில்லா வேகம்

எந்த வண்டியும் குறுக்கே இல்லாதபோது ஓட்டுநர் என்ன வேகத்தில் போவார் என்பதே கணக்கின் முதல் படி. அடிப்படையாக மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அதிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். பாதை அகலம் 3.6 மீட்டர் இருந்தால் கழிவு இல்லை, நமக்கு 3.5 என்பதால் 1.0 போகும். இடது ஓரத்தில் 1.5 மீட்டர் தார் விளிம்பு, வலதில் மீடியன் கரையிலிருந்து 0.3 மீட்டர் என்று வைத்தால் பக்க இடைவெளி மொத்தம் 1.8 மீட்டர். அதற்கு 2.1 கழிவு. மீடியன் இருப்பதால் அந்த வகையில் கழிவு கிடையாது. கிலோமீட்டருக்கு 6 இணைப்புச் சாலைகள் அல்லது வாசல்கள் என்றால் 4.0 போகும். மிச்சம் 92.9.

இணைப்புக் கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் வலது பக்கமாக ஓட்டுகிறார்கள், அதனால் வலது ஓரத்தில் வந்து சேரும் வாசல்களை எண்ணச் சொல்கிறது புத்தகம். நமக்கு அது இடது ஓரம். நடுவில் உள்ள மீடியன் திறப்பை வழக்கமாக எண்ண வேண்டியதில்லை, பெரிய பாதிப்பு இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். நம் சாலையில் பிரச்சினை தலைகீழ். இடது ஓரத்து டீக்கடையால் வரும் தொல்லையைவிட மீடியன் திறப்பில் நிற்கும் டி.வி.எஸ். எக்ஸெல் பெரிய தொல்லை.

அதை ஒருதரம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பின்னால் புல்லுக்கட்டு. முன்சக்கரம் மட்டும் வலது பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் நம்மைப் பார்க்க மாட்டார், நமக்குப் பின்னால் வரும் இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் கார் சும்மா காலை பிரேக்கில் வைத்து எடுக்கும். இரண்டாவது கொஞ்சம் அழுத்தும். ஐந்தாவது, ஆறாவது காரில் சிவப்பு விளக்கு நன்றாகவே எரியும். புல்லுக்கட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சிவப்பு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில். அரை கிலோமீட்டர் பின்னால் நிற்கிறவருக்கு ஏன் நின்றோம் என்றே தெரியாது. கழிவுப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

எல்லாவற்றையும் காராக மாற்றுவது

இப்போதுதான் கணக்கின் கழுத்துப் பகுதிக்கு வருகிறோம். 2,420 வண்டியும் ஒரே மாதிரி இல்லை. எல்லாவற்றையும் காருக்குச் சமமாக்கினால்தான் பாதைக்கு இத்தனை என்று சொல்ல முடியும். இந்தக் கார் அலகைத்தான் பி.சி.யு. என்கிறோம். மாற்றுவதற்கு ஒரே வழிதான் உண்டு என்று நினைக்கிறவர்கள் அதிகம். நான் நான்கு வழியில் போட்டேன்.

முதலில் எச்.சி.எம். அதற்குத் தெரிந்தவை கார், கனரக வாகனம், சுற்றுலா வேன் மட்டும். இருசக்கர வண்டிக்கென்று வகை கிடையாது, அதுவும் ஒரு காராக விழுந்துவிடும். பஸ், லாரி, டிராக்டர் சேர்ந்து 370, அதாவது 15.3 விழுக்காடு. சமதளத்தில் ஒரு கனரக வாகனம் ஒன்றரைக் காருக்குச் சமம் என்று 2000 பதிப்பு சொல்கிறது. அப்படியானால் மாற்றுக் காரணி 0.929. மொத்தத்தை இரண்டு பாதைக்கும் பங்கிட்டு, 0.89-ஆலும் 0.929-ஆலும் வகுத்தால் பாதைக்கு மணிக்கு 1,463 கார். ஓட்டம் கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் கையேட்டின் வளைவுப்படி இந்த அளவில் வேகம் அநேகமாகக் குறையாது, 92.5. ஓட்டத்தை வேகத்தால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்: கிலோமீட்டருக்குப் பாதையில் 15.8 கார். சி தரத்தின் வரம்பு 16. பாஸ், ஆனால் நூலிழையில்.

மதிப்பெண் அடர்த்தியைப் பார்த்துத்தான், வேகத்தைப் பார்த்து அல்ல. பாதைக்கு 1,400 கார் வரை வேகம் அசையாது, பக்கத்தில் வண்டி நெருங்குவதுதான் ஓட்டுகிறவருக்கு உறைக்கும். வரம்புகள்: ஏ 7, பி 11, சி 16, டி 22, இந்த வேகத்தில் இ ஏறக்குறைய 26. அதைத் தாண்டினால் எஃப்.

சரி, 2016 பதிப்பில் சமதளத்துக் கனரக வாகனத்தை 2.0 என்று மாற்றிவிட்டார்கள். மற்றது எல்லாம் அப்படியே இருக்க, அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் 1,463 என்பது 1,568 ஆகிறது, அடர்த்தி 17-ஐத் தாண்டுகிறது. டி. சாலையில் ஒரு வண்டி கூடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தினமும் அதே சாலையில் வேலைக்குப் போய் வருகிறவர் ஓட்டும் விதமும், வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறவர் ஓட்டும் விதமும் வேறு என்று பழைய பதிப்பு ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது வகை கூட்டத்துக்கு 0.85 வரை ஒரு காரணி போடலாம். பொங்கலுக்கு ஊருக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களை நினைத்துக்கொண்டே அந்த வரியைப் படித்தேன். போட்டால் 1,721. அதுவும் டி.

அடுத்தது நம் ஐ.ஆர்.சி. 64, அதாவது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூல், 1990-இல் வந்தது, ஊர்ப்புறச் சாலைக்கானது. பைக் 0.5, கார் 1, ஆட்டோ 1, சிறு சரக்கு வண்டி 1.5, பஸ்ஸும் லாரியும் 3, டிராக்டர் டிரெய்லர் 4.5. அந்தப் பட்டியலில் மாட்டுவண்டிக்கு 8 இருக்கிறது. 1990-இல் அது தேவைப்பட்டது. இப்படி மாற்றினால் மொத்தம் 2,830 கார் அலகு. உச்சக் கால்மணிக்குச் சரிசெய்தால் பாதைக்கு 1,590. அடர்த்தி 17.4, டி.

அப்புறம் ஐ.ஆர்.சி. 106, அதுவும் 1990, நகரச் சாலைக்கு. இந்தப் பகுதிக்கு அது பொருந்தாது என்று தெரிந்தே போட்டேன். காரணம், ஊர் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் யாராலும் கோடு போட முடியாது. இதில் ஒரு வகை வண்டி பத்து விழுக்காட்டைத் தாண்டினால் அதன் எடை மாறும். இங்கே பைக் 33 விழுக்காடு, ஆகவே 0.75. பஸ்ஸும் லாரியும் 15 விழுக்காடு, ஆகவே 3.7. கூட்டினால் 3,278. பாதைக்கு 1,842. அடர்த்தி 21. டி-யின் கடைசிப் படி.

நான்காவது, வேகமும் பரப்பும் வைத்துப் பார்க்கும் முறை. சதீஷ் சந்திராவின் சூத்திரம் என்று நம் நாட்டு மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். காரைவிட ஒரு வண்டி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது, எத்தனை மடங்கு இடம் அடைக்கிறது, இரண்டையும் பெருக்கினால் அதன் கார் அலகு. எளிமையானது, அழகானது. இந்திய ஆய்வுகளில் புழங்கும் அளவுப்படி காரின் பரப்பு 5.36 சதுர மீட்டர், பைக் 1.2, பஸ் 24.74. கார் 75, பைக் 55, பஸ் 65, லாரி 50, சிறு சரக்கு வண்டி 60, ஆட்டோ 40, டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தேன். பைக் 0.31-க்கு இறங்கிவிடுகிறது. பஸ் 5.3-க்கு ஏறுகிறது. கரும்பு டிராக்டர் 11.4! மாட்டுவண்டியின் எட்டையே தாண்டிவிட்டது. மொத்தம் 3,723. பாதைக்கு 2,090. அந்த வளைவுப்படி ஒரு பாதையின் கொள்ளளவே 2,130 தான். தரம் இ, அடர்த்தி 25. இன்னும் ஒரு பதினைந்து பஸ் வந்தால் எஃப்.

ஆக சி, டி, டி, இ. ஒரே சாலை, ஒரே மணி நேரம், அதே 2,420 வண்டி.

எங்கே தப்பு?

நான் செய்ததில் ஒரு திருட்டு இருக்கிறது. கவனமாகப் படித்தவர்கள் பிடித்திருப்பார்கள். வண்டியைக் காராக மாற்றும் எண்களை ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன், கொள்ளளவையும் அடர்த்தி வரம்பையும் வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்தேன். முழம் போட்டு அளந்த துணியைக் கெஜக்கோலின் விலைக்கு விற்பது போல. ஒரு நாட்டில் ஒரு விதமான ஓட்டத்தில் அளந்த 2,130-க்குப் பக்கத்தில், பஸ்ஸை 5.3 என்று வைத்து வந்த 2,090-ஐ நிறுத்தினால் இரண்டும் எண்களாக இருப்பது மட்டும்தான் ஒற்றுமை. 5.3 என்று பஸ்ஸை எடை போட்டால், கொள்ளளவையும் அதே தராசில் அளந்திருக்க வேண்டும். அப்படி அளந்தால் கொள்ளளவும் கூடுதலாகவே வரும்.

இதைத் தெரிந்தே செய்தேன் என்று சொல்லிவிட்டேன். தெரியாமல் செய்த அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தில் ஐ.ஆர்.சி. அட்டவணை, நடுவில் எச்.சி.எம். வளைவு, கடைசியில் தடித்த எழுத்தில் ‘எல்.ஓ.எஸ். (சேவைத் தரம்) டி, அகலப்படுத்துதல் அவசியம்’. எண்ணிக்கையில் ஒரு தப்பும் இருக்காது. பையன்கள் வெயிலில் நின்று ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணியிருப்பார்கள். தப்பு ஏ.சி. அறையில் நடந்திருக்கும்.

நம் சாலைக்கு நம் அளவிலேயே தராசு வேண்டும் என்றுதான் இந்தோ-எச்.சி.எம். வந்தது. டெல்லியில் உள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை. 2017 என்று தேதி போட்ட கையேடு. அதில் எனக்குப் பிடித்தது, பாதைக்கு இத்தனை என்பதைவிட ஒரு திசையின் மொத்தத் தார்ப்பரப்புக்கு இத்தனை என்று பார்க்கும் நோக்கு. நான் மேலே எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தேனே, அந்த ‘இரண்டு’ நம் சாலையில் எங்கே இருக்கிறது? ஏழு மீட்டர் அகலத்தில் ஒரு லாரி, ஒரு கார், நடுவில் புகுந்த ஒரு பைக், தார் விளிம்பில் இன்னொரு பைக். கோடு சாலையில்தான் இருக்கிறது, ஓட்டத்தில் இல்லை.

லாரிகள் வலது பாதையிலேயே போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் திட்டாத கார்க்காரர் இல்லை. லாரி ஓட்டுகிறவரிடம் கேட்டால் காரணம் நியாயமாகவே இருக்கும்: இடது பக்கம் போனால் எதிர்த்திசையில் வரும் பைக், நிறுத்தி வைத்த வண்டி, திடீரென்று இறங்கும் ஆடு. பாரத்தோடு அடிக்கடி பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வேகப் பாதை மெதுவான பாதையாகிறது, கார்கள் இடது பக்கமாக முந்துகின்றன. மெதுவான வண்டி ஓரத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட வளைவை இந்த ஓட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கிறோம்.

எண்ண நிற்கும் இடம்

கார் அலகு ஒரு குழப்பம் என்றால், எங்கே நின்று எண்ணுகிறோம் என்பது அதைவிடப் பெரிய பொறி. இந்தச் சாலையில் திண்டிவனத்துக்கு முன்னால் ஆத்தூர் சுங்கச்சாவடி இருக்கிறது. எந்தச் சாவடிக்கும் பொருந்துகிற கணக்கு இது. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் கட்டணம் இல்லை. மிச்சம் 1,550 வண்டி. தென்திசைக்கு ஆறு வாயில் என்று வைப்போம். சில்லறை கொடுத்து வாங்க வண்டிக்கு 15 விநாடி ஆனால் வாயிலுக்கு மணிக்கு 240, ஆறுக்கும் சேர்த்து 1,440. வருவது 1,550. ஒரு மணி முடிவில் 110 வண்டி வரிசையில். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமானது. ஐந்து விநாடியில் வண்டி போனால் 4,320 வரை தாங்கும், வரிசையே வராது. ஆனால் பத்தில் ஒரு வண்டிக்குப் பணம் இல்லாமலோ ஸ்டிக்கர் படிக்காமலோ ஒரு நிமிஷம் பிடித்தால் சராசரி 10.5 விநாடியாகிவிடும், தாங்கும் அளவு 2,060-க்குக் கீழே விழும். பத்துப் பேரில் ஒருவர் பாதிக்கும் மேலான கொள்ளளவைத் தின்றுவிடுகிறார்.

இப்போது ஒருவர் சாவடியைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் சாவடியாக இருந்தால் அவர் முன்னால் மணிக்கு 1,440 காரும் பஸ்ஸும் மட்டுமே வரும், அதுவும் சீராக, இடைவெளி விட்டு. அருமையான தரம் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வரிசையில் நின்றவர் எந்தத் தாளிலும் இல்லை. சாவடிக்கு முன்னால் வரிசைக்குள்ளேயே நின்று எண்ணினாலும் இதே சிக்கல்தான். பாதைக்கு மணிக்கு 1,200 கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 13 கார், சி தரம். அதே 1,200 கார் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் கிலோமீட்டருக்கு 60 கார், எஃப். எண்ணிக்கைத் தாளில் இரண்டும் 1,200. குழாய் வழியாக வரும் தண்ணீரை மட்டும் அளந்தால் தொட்டி நிரம்பி வழிவது தெரியாது.

அதனால் எண்ணுகிறபோது வேகத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். முடியாவிட்டால் வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்றாவது கால்மணிக்கு ஒருதரம் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியும் கிலோமீட்டர் கல்லும் போதும்.

பொங்கலுக்காகச் சாலை போடுவதா?

இந்தச் சாயங்காலத்தை வைத்து ஆறுவழி கேட்கலாமா என்றால், பொறியியல் நூல்களின் பதில்: கூடாது. வருஷத்துக்கு 8,760 மணி. போக்குவரத்து அதிகமான மணியிலிருந்து வரிசைப்படுத்தி, முப்பதாவது இடத்தில் இருக்கும் மணிக்குச் சாலையை வடிவமைப்பது பழைய வழக்கம். முதல் 29 மணியை வேண்டுமென்றே கைவிடுகிறார்கள். நம் ஊரில் அந்த 29-க்குள் பொங்கலும் தீபாவளியும் வந்து உட்கார்ந்துவிடும். நாம் திட்டுகிற நேரம் முழுக்க, சாலையைத் திட்டமிட்டவர் முன்கூட்டியே விட்டுவிட்ட நேரம்தான்.

நாள் கணக்கிலும் இதைப் பார்த்துவிடலாம். விளிம்புக்குத் தார் போட்ட நான்குவழிச் சாலைக்கு ஐ.ஆர்.சி. 64 சொல்லும் வடிவமைப்பு அளவு நாளுக்கு 40,000 கார் அலகு, இரண்டு திசையும் சேர்த்து, பி தரத்தில். நம் மணிநேர 2,830 நாளின் எட்டு விழுக்காடு, அதில் ஒரு திசையின் பங்கு 60 விழுக்காடு என்று வைத்தால் நாளுக்கு 59,000. பண்டிகை என்பதால் திசைப் பங்கை 75 ஆக்கினால் 47,000. ஒரே ஊகத்தை அசைத்ததில் 12,000 அலகு கரைந்துவிட்டது. பண்டிகை நாளின் மணிக்கணக்கை ஆண்டுச் சராசரிக்கு நீட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் இந்தக் கணக்கை வைத்து என்னதான் செய்யலாம்? எழுத்தை மறந்துவிட்டு, எது எவ்வளவு இடம் தின்கிறது என்று பார்க்கலாம். இணைப்புகளை 6-லிருந்து 2-ஆகக் குறைத்தால் கையேட்டுக் கணக்கில் தடையில்லா வேகம் 2.7 கிலோமீட்டர் ஏறும், கொள்ளளவு பாதைக்கு 27 கார் கூடும். ஒன்றுமே இல்லை போலத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் மீடியன் திறப்பு சேரவில்லை என்று மேலே பார்த்தோம். திறப்புக்கு முன்னால் வலது பக்கத்தில் நாற்பது ஐம்பது மீட்டர் ஒதுங்கும் பாதை இருந்தால் புல்லுக்கட்டு வண்டி அதில் நிற்கும், பின்னால் சிவப்பு விளக்கு ஓடாது. அதன் பலனைக் கையேட்டில் தேடினால் கிடைக்காது. முன்னும் பின்னும் வீடியோ எடுத்து நாமே அளந்தால்தான் உண்டு.

டிராக்டருக்கு வருவோம். வேகமும் பரப்பும் பார்க்கும் முறையில் பத்து டிராக்டர் 114 கார் அலகு. உச்சக் கால்மணிக்குச் சரிசெய்தால் பாதைக்கு 64. அந்த மணியில் வந்த மொத்த வண்டியில் டிராக்டர் அரை விழுக்காடுகூட இல்லை, ஆனால் அது விட்டுப்போகும் இடத்தில் 21 பஸ் ஓடும். ஆலையும் போலீஸும் பேசி, பொங்கலுக்கு முந்தைய இரண்டு சாயங்காலம் நான்கு மணி முதல் பத்து மணி வரை கரும்பு வண்டியைப் பிரதானச் சாலையில் ஏற்றாமல் வயல் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தால் ஆகும் செலவு, டிராக்டர் ஓட்டுகிறவர்களின் காத்திருப்புப் படிதான். வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை குறையும், விவசாயி ஒப்புக்கொள்ள மாட்டார் என்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஆலை எடைமேடை திறந்திருந்தால் ஒப்புக்கொள்வார்.